போன பாத்திரம் திரும்பி வந்த காலம்

(தொலைக்காட்சி அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று நாம் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் குப்பை. குப்பையைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நான் பேசப் போவது எல்லாக் குப்பையையும் பற்றி அல்ல. கடையில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவரும் ஒரு வேளைச் சாப்பாட்டோடு கூடவே வரும் குப்பையைப் பற்றி மட்டும்தான்.

நாசி கண்டார் ஒரு பொட்டலம் வாங்குகிறோம். சோற்றுக்கு ஒரு பெட்டி, குழம்புக்கு ஒரு சிறு பை, ஊறுகாய்க்கு இன்னொரு பை, அதைக் கட்ட ரப்பர் வளையம். ஒரு கரண்டி, ஒரு முள்கரண்டி. தே தாரிக்குக்கு ஒரு பை, அதற்கு ஓர் உறிஞ்சு குழாய். இவை எல்லாவற்றையும் போட்டுத் தூக்கி வர ஒரு பெரிய பை. சாப்பிட்டு முடிக்க இருபது நிமிடம். அந்தப் பொருள்கள் மண்ணில் கிடக்கப் போவதோ நம் பேரப்பிள்ளைகளின் காலத்தையும் தாண்டி.

"என்ன செய்வது, வெளியில் வாங்கிச் சாப்பிட்டால் இப்படித்தான்" என்று நாம் சமாதானம் சொல்லிக் கொள்கிறோம். உண்மையில் அப்படித்தானா? வெளியில் வாங்கிச் சாப்பிடும் வழக்கம் பினாங்குக்குப் புதிதா? இல்லை. இந்தத் தீவில் அது நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழக்கம். ஆனால் இந்தக் குப்பை புதியது. பழக்கம் பழையது, குப்பை புதியது என்றால், நடுவில் எது மாறியது? அதைத்தான் இன்று வரலாற்றோடு பார்க்கப் போகிறோம்.

காவடியில் வந்த சோறு

1786ஆம் ஆண்டு பிரான்சிஸ் லைட் இந்தத் தீவில் இறங்கி, ஆங்கிலேய மன்னர் மூன்றாம் ஜார்ஜின் பெயரால் ஜார்ஜ் டவுன் நகரத்தை அமைத்தார். துறைமுகம் வளர்ந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து தமிழ் முஸ்லிம் வணிகர்களும், கூலி வேலைக்கு வந்த தமிழர்களும் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். இன்றைக்கும் சூலியா தெரு என்ற பெயரும், 1801இல் தொடங்கிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், குயின் தெரு மகா மாரியம்மன் கோவிலும் அந்த வரலாற்றுக்குச் சாட்சி.

துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் பெரும்பாலும் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்த ஆண்கள். சமைத்துப் போட வீட்டில் ஆள் இல்லை. அவர்களுக்குப் பசியாற வழி செய்தவர்கள் தமிழ் முஸ்லிம் உணவு வியாபாரிகள். தோளில் ஒரு தண்டு. ஒரு முனையில் சோறு, மறு முனையில் குழம்பும் கறியும். அந்தத் தண்டுக்கு மலாய் மொழியில் கண்டார் என்று பெயர். நாசி கண்டார் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. நம் மொழியில் சொன்னால் காவடி. முருகனுக்கு எடுக்கும் காவடிக்கு முன்பே, பாரம் சுமக்கும் தண்டுக்கு நம்மவர்கள் வைத்திருந்த பெயர் அது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. காலையில் காவடியில் போன சட்டியும் பானையும் மாலையில் அதே காவடியில் வீடு திரும்பின. பாத்திரம் வியாபாரியின் முதல். அதை விட்டுவிட்டு வந்தால் மறுநாள் வியாபாரம் இல்லை. சாப்பாடு வாடிக்கையாளரைத் தேடிப் போனது. இன்றைக்கு நாம் சொல்லும் 'டெலிவரி' வேறென்ன? அன்று அந்த டெலிவரியில் வீசி எறிய ஒன்றும் இல்லை. இலை இருந்தால், ஆடு தின்றது அல்லது மண் தின்றது.

பிறகு காவடி இறங்கிக் கடையாக உட்கார்ந்தது. கேம்பல் தெருவில் உள்ள ஹமீதியா உணவகம் தனது தொடக்கம் 1907 என்று சொல்கிறது. அந்த ஆண்டை மனத்தில் வைத்துக் கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

தூக்குச் சட்டியும் அடுக்குச் சட்டியும்

கடை உட்கார்ந்துவிட்டால் சாப்பாடு வீட்டுக்கு எப்படிப் போகும்? வீட்டிலிருந்து பாத்திரம் கடைக்கு வந்தது. குழம்பு வாங்கக் கிண்ணம், கோப்பி வாங்கத் தூக்கு, பாலுக்குச் செம்பு. தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பால்மரம் சீவப் போன அம்மாவும் அப்பாவும் விடியற்காலையில் கையில் எடுத்துப் போனது தூக்குச் சட்டிதான். அதில் ஒன்றும் வீண் போனதில்லை. அடிப்பிடித்தால் தேய்த்தார்கள், ஓட்டை விழுந்தால் ஈயம் வைத்து அடைத்தார்கள்.

நகரத்துக் குடும்பங்களில் அடுக்குச் சட்டி இருந்தது. மலாய்க்காரர்கள் மங்கோக் திங்காட் என்பார்கள். சீனர் வீடுகளில், பாபா நோன்யா வீடுகளில், நம் வீடுகளில் எல்லாம் அது உண்டு. மாதப் பணம் கட்டினால், சமையல்காரர் தினமும் அடுக்குச் சட்டியில் சாப்பாடு அனுப்புவார். மறுநாள் சாப்பாடு வரும்போது முதல் நாள் சட்டி கழுவித் தயாராக இருக்கும். அதைக் கொடுத்து இதை வாங்க வேண்டும். பினாங்கில் 'திங்காட்' என்றாலே வீட்டுக்கு வரும் மாதச் சாப்பாடு என்று பொருள்படும் அளவுக்கு அது வழக்கத்தில் இருந்தது.

இதை உலகமே வியக்கும் அளவுக்குப் பெரிதாகச் செய்து காட்டிய நகரம் மும்பை. 1890ஆம் ஆண்டு மகாதேவ் ஹவாஜி பச்சே என்பவர் சுமார் நூறு பேரோடு தொடங்கிய டப்பாவாலா முறை, பிறகு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 லட்சம் சாப்பாட்டு டப்பாக்களைச் சுமக்கும் அமைப்பாக வளர்ந்தது. காலையில் வீட்டிலிருந்து எடுத்து, ரயிலில் ஏற்றி, மதியம் அலுவலக மேசையில் வைத்து, மாலைக்குள் வெற்று டப்பாவை அதே வீட்டு வாசலில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். டப்பாவின் மூடியில் எழுதிய சில எழுத்துகளும் வண்ணக் குறிகளுமே முகவரி. 2020இல் வந்த பெருந்தொற்று அந்தத் தொழிலை வெகுவாகக் குறைத்துவிட்டது. ஆனாலும் 130 ஆண்டுகளாக அவர்கள் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லி வந்தார்கள். இலட்சக்கணக்கான பேருக்குச் சாப்பாடு அனுப்பிப் பாத்திரத்தைத் திரும்ப எடுக்க முடியுமா? முடியும் என்பதே அந்தப் பதில்.

பாக்குத் தீவின் பாக்கு மட்டை

பாத்திரம் கொண்டுவர மறந்தவர்களுக்கு என்ன வழி? இலை இருந்தது. நாசி லெமாக் வாழை இலையில் மடித்து, வெளியே பழைய செய்தித்தாளைச் சுற்றி வந்தது. சார் குவே தியாவ் பாக்கு மட்டையில் வந்தது. மட்டையின் மணம் சூட்டில் கிளம்பி உணவோடு சேரும் என்று பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள்.

புலாவ் பினாங் என்றால் பாக்குத் தீவு. பினாங் என்பது பாக்கு. ஆக, இந்த ஊரின் பெயரிலேயே ஒரு பொட்டலப் பொருள் இருக்கிறது. கமுகு மரம் மட்டையைத் தானாகவே உதிர்க்கும். மரத்தை வெட்ட வேண்டியதில்லை. கீழே விழுந்ததைக் கழுவிக் காயவைத்தால் போதும். இன்றைக்குத் தமிழகத்திலும் கர்நாடகத்திலும் அதே மட்டையைச் சூடான அச்சில் அழுத்தித் தட்டாக்கி வெளிநாடுகளுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள். பாக்கின் பெயரைத் தாங்கிய தீவிலோ, பாக்கு மட்டையில் பொட்டலம் கட்டும் கடையைத் தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1907இல் நடந்த இன்னொன்று

இப்போது அந்த 1907க்கு வருவோம். அதே ஆண்டில் அமெரிக்காவில் லியோ பேக்லண்ட் என்ற வேதியியலாளர், பேக்கலைட் என்ற பொருளுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். முழுக்க முழுக்கச் செயற்கையாக மனிதன் உண்டாக்கிய முதல் பிளாஸ்டிக் அது. ஆக, கேம்பல் தெருவின் நாசி கண்டார் கடையும் நவீன பிளாஸ்டிக்கும் ஒரே வயதுடையவை. ஆனால் வெகுகாலம் இரண்டும் சந்தித்துக் கொள்ளவில்லை.

1965ஆம் ஆண்டு சுவீடன் நாட்டுச் செல்லோபிளாஸ்ட் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டென் குஸ்தாவ் தூலின் வடிவமைத்த பைக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. இன்று நாம் கையில் தூக்கிவரும் கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் பை அதுதான். காகிதப் பைக்காக மரம் வெட்டப்படுகிறதே என்று கவலைப்பட்டுத்தான் தந்தை அதை உருவாக்கினார், அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார் என்று அவருடைய மகன் பிற்காலத்தில் கூறியிருக்கிறார். எண்ணிப் பாருங்கள். பிளாஸ்டிக் பையைக் கண்டுபிடித்தவரே அதை ஒரு முறை பயன்படுத்தி எறியவில்லை!

அடுத்து வந்தது வெள்ளைப் பெட்டி. பாலிஸ்டிரீன் என்ற பிளாஸ்டிக்கை நுரைக்க வைத்துச் செய்வது. அதில் 95 விழுக்காட்டுக்கு மேல் காற்றுதான். எனவே மலிவு, எனவே எடையில்லை, எனவே சூடு தாங்கும். அதே காரணத்தால்தான் அதை யாரும் மறுசுழற்சிக்கு வாங்க விரும்புவதில்லை. லாரி நிறைய ஏற்றினாலும் எடை தேறாது. குழம்பு ஒட்டியிருந்தால் எடுத்துக்கொள்ளவே மாட்டார்கள். அதன் மூலப்பொருளான ஸ்டைரீன், மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் எனக் கருதப்படும் பொருள்களின் வரிசையில், உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பால் 2018இல் ஒரு படி மேலே ஏற்றப்பட்டது. சூடும் எண்ணெயும் சேரும்போது பெட்டியிலிருந்து அது உணவில் கசிவது கூடும். நம் கறிகளில் சூடும் உண்டு, எண்ணெயும் உண்டு.

அங்காடிக்காரர் ஏன் மாறினார்?

இங்கே அங்காடிக்காரர்களைக் குற்றம் சொல்லிவிட்டுப் போவது சுலபம். அது நியாயமாகாது.

பழைய காலம் முழுவதும் பொற்காலம் அல்ல. ஒரே வாளித் தண்ணீரில் எல்லாத் தட்டுகளையும் முக்கி எடுத்த கடைகளும் இருந்தன. சுத்தம் வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டார், நகராண்மைக் கழகமும் கேட்டது. தெருவோரக் கடைக்குக் குழாய்த் தண்ணீர் கிடையாது. தட்டுக் கழுவ ஓர் ஆளை வைத்தால் சம்பளம் கொடுக்க வேண்டும். வாழை இலையை நாள்தோறும் வாங்கித் துடைத்து நறுக்க வேண்டும். பிளாஸ்டிக்கோ கட்டுக் கட்டாக வாசலுக்கே வந்தது, அழுகவில்லை, விலையும் சில காசுதான். வீட்டுக்கு வீடு கணவனும் மனைவியும் வேலைக்குப் போன காலம் வந்தபோது, அலுவலகம் விட்டு வரும் வழியில் கையில் தூக்குச் சட்டி இருக்கவில்லை. "தாபாவ்" என்று சொன்னால் கட்டித் தர வேண்டும். கடைக்காரர் கட்டித் தந்தார்.

ஆக, மாறியது ரசனை அல்ல. திரும்பும் பயணம் நின்றுபோனது. பாத்திரம் கடைக்குத் திரும்ப வேண்டும் என்ற பொறுப்பை யாரும் சுமக்க வேண்டியதில்லை என்றானது. கடைக்காரருக்கு நிம்மதி, வாங்குபவருக்கும் நிம்மதி. அப்படியானால் அந்தச் சுமை எங்கே போனது?

மலிவின் விலையைக் கட்டுபவர்கள்

பினாங்குத் தீவின் வீட்டுக் குப்பை தீவில் தங்குவதில்லை. பத்து மாவுங்ஙில் சேர்க்கப்பட்டு, பெருநிலத்தில் நிபோங் திபால் பக்கம் உள்ள புலாவ் பூருங் குப்பைக் கிடங்குக்குப் போகிறது. 2022ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் தேதி அந்தக் கிடங்கில் தீப்பிடித்தது. குப்பை மலையின் அடியில் தீ கனன்றதால் அணைக்க வாரக்கணக்கில் ஆனது. அருகில் இருந்த பைராம் தோட்டத்து மக்கள் புகையில் மூச்சுத் திணறி, வீட்டை விட்டுத் தற்காலிக நிவாரண மையத்துக்குப் போக நேர்ந்தது.

ஜார்ஜ் டவுனில் நாம் சாப்பிட்டுவிட்டு எறிந்த பெட்டி, கால் நூற்றாண்டு கழித்து யாரையோ பாதிக்கும் என்பதல்ல விஷயம். அது இப்போதே, இதே மாநிலத்தில், நம்மைப் போன்ற தோட்டத்துக் குடும்பங்களின் ஜன்னல் வழியாகப் புகையாக உள்ளே போகிறது.

இலங்கையில் இதைவிடக் கொடுமையாக நடந்தது. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் 14, புத்தாண்டு நாள். கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து வீடுகளின் மேல் விழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அங்கே சோற்றுப் பார்சல் கட்டுவதற்கு 'லன்ச் சீட்' என்ற மெல்லிய பாலித்தீன் தாளைத்தான் கடைக்குக் கடை பயன்படுத்தினார்கள். அதே ஆண்டு செப்டம்பர் முதல் நாளிலிருந்து அந்தத் தாளுக்கும் நுரைப் பெட்டிக்கும் அந்நாட்டு அரசு தடை விதித்தது. உயிர்கள் போன பிறகு வந்த தடை அது.

பினாங்கு எடுத்து வைத்த அடி

நம் மாநிலம் உயிர்ப்பலிக்காகக் காத்திருக்கவில்லை என்பதைப் பெருமையோடு சொல்லலாம். இந்த மாநிலத்தில் விழிப்புணர்வு விதை பலகாலம் முன்பே ஊன்றப்பட்டிருந்தது. 1969இல் உருவான பினாங்குப் பயனீட்டாளர் சங்கமும், அதனைப் பல பத்தாண்டுகள் தலைமையேற்று நடத்தி 2019இல் மறைந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் அவர்களும், வீசியெறியும் வாழ்க்கை முறை வேண்டாம் என்று சலிக்காமல் சொல்லி வந்தார்கள். தமிழகத்திலிருந்து சிறுவயதில் இங்கு வந்த அந்தப் பெரியவரின் குரலை நாட்டின் ஏனைய மாநிலங்களும் கேட்டன.

2009ஆம் ஆண்டு ஜூலையில் மாநில அரசு, திங்கட்கிழமைகளில் பிளாஸ்டிக் பை இலவசமாகக் கிடையாது என்று அறிவித்தது. வேண்டுமென்றால் 20 காசு கொடுக்க வேண்டும். அடுத்த ஆண்டு அது வாரத்தில் மூன்று நாளாகி, 2011 ஜனவரி முதல் எல்லா நாட்களுக்குமானது. வசூலான காசு ஏழைகளுக்கான நிதிக்குப் போனது. 2012இல் உணவுக்குப் பாலிஸ்டிரீன் பெட்டி கூடாது என்று தடை வந்தது. 2016இல் வீட்டிலேயே குப்பையைத் தரம் பிரிக்க வேண்டும் என்ற விதி வந்தது. 2021 முதல் பையின் விலை 20 காசிலிருந்து ஒரு ரிங்கிட்டாக ஏறியது. நாடு முழுவதற்குமான திட்டம், அதாவது 2030க்குள் ஒருமுறை பிளாஸ்டிக்கை ஒழிப்பது என்ற திட்டம், 2018இல்தான் வெளியானது. பினாங்கு அதற்கு ஒன்பது ஆண்டுகள் முந்திக்கொண்டது.

பலன் இருந்ததா? பேரங்காடிக்குப் போகும்போது காரில் ஒரு துணிப்பை வைத்துக்கொள்ளும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. 20 காசு பெரிய பணமல்ல. ஆனால் "பை வேண்டுமா?" என்ற கேள்வி பெரியது. அந்தக் கேள்வி நம்மை ஒரு கணம் நிறுத்தியது. அயர்லாந்து 2002இல் பைக்கு 15 சென்ட் வரி போட்டபோதும் இதேதான் நடந்தது. பைகளின் பயன்பாடு ஏறத்தாழ 90 விழுக்காடு சரிந்தது.

ஆனால் சாப்பாட்டுக் கடையில் அந்தக் கேள்வி எழவில்லை. குழம்புக்குப் பை வேண்டுமா என்று யார் கேட்பார்கள்? பாலிஸ்டிரீன் பெட்டி போன இடத்தில் வேறு பிளாஸ்டிக் பெட்டி வந்து உட்கார்ந்தது. உள்பக்கம் பிளாஸ்டிக் பூசிய பழுப்புத் தாள் வந்தது. 'மண்ணில் மட்கும்' என்று எழுதிய பெட்டிகளும் வந்தன. அவற்றில் பலவும் மட்க வேண்டுமானால் 60 டிகிரி அளவுக்குச் சூடேறும் உரத் தொழிற்கூடம் வேண்டும். குப்பைக் கிடங்கில் போட்டால் அதுவும் மற்றக் குப்பையைப் போலத்தான் கிடக்கும். பெட்டி மாறியதே தவிர, எறிவது மாறவில்லை.

2020: எல்லாமே பொட்டலமான நாள்

அந்தச் சமயத்தில்தான் பெருந்தொற்று வந்தது. 2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்தபோது, உணவகங்களில் உட்கார்ந்து சாப்பிடத் தடை. பொட்டலம் கட்டலாம், வீட்டுக்கு அனுப்பலாம், அவ்வளவுதான். கடைகள் உயிர் பிழைத்தது அந்தப் பொட்டலத்தால்தான். அதை யாரும் மறுக்க முடியாது. சொந்தப் பாத்திரத்தை நீட்டினால் கிருமி பரவுமோ என்ற அச்சத்தில், அதுவரை பாத்திரம் கொண்டுவந்த ஒரு சிலரும் நிறுத்திக் கொண்டார்கள்.

2012லேயே இந்நாட்டுக்கு வந்துவிட்ட ஃபூட்பாண்டாவும், 2018இல் வந்த கிராப்ஃபூடும் அந்நாட்களில் வீட்டுக்கு வீடு நுழைந்தன. தொற்று தணிந்தது, பழக்கம் தணியவில்லை. இன்று மோட்டார் சைக்கிளில் பையைச் சுமந்து வரும் இளைஞர், அன்று காவடி சுமந்து வந்தவரின் வாரிசுதான். ஒரே ஒரு வேறுபாடு உண்டு. காவடிக்காரர் வெற்றுப் பாத்திரத்தோடு திரும்பினார். மோட்டார் சைக்கிள்காரர் வெறுங்கையோடு திரும்புகிறார்.

மற்ற ஊர்களில் என்ன செய்கிறார்கள்?

சீனாவில் ஓர் எளிய மாற்றம் செய்தார்கள். எலமா என்ற உணவு அனுப்பும் நிறுவனம், ஷாங்காய், பெய்ஜிங், தியான்ஜின் நகரங்களில் தன் செயலியில் 'கரண்டி, குச்சி வேண்டாம்' என்பதையே முதல் தேர்வாக வைத்தது. வேண்டும் என்பவர் தேடி அழுத்த வேண்டும். வேண்டாம் என்பவருக்குச் சிறு புள்ளிகள் கிடைத்தன, அவற்றைச் சேர்த்தால் அவர் பெயரில் மரம் நடப்பட்டது. 2023இல் 'சயின்ஸ்' ஆய்விதழில் வெளியான கட்டுரையின்படி, கரண்டி வேண்டாம் என்ற ஆர்டர்களின் பங்கு 648 விழுக்காடு உயர்ந்தது. நாடு முழுவதும் இதைச் செய்தால் ஆண்டுக்கு 2,175 கோடிக் கரண்டித் தொகுப்புகள் மிச்சமாகும் என்பது அவர்கள் கணக்கு. யாருக்கும் அபராதம் இல்லை. வீட்டில் கரண்டி இருப்பதை நினைவூட்டினார்கள், அவ்வளவுதான்.

ஜெர்மனியில் 2023 ஜனவரி முதல், உணவு கட்டித் தரும் உணவகங்கள் திரும்பத் தரக்கூடிய பாத்திரத்தையும் ஒரு வாய்ப்பாக வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். வைப்புத் தொகை கட்டிப் பாத்திரத்தை எடுத்துப் போகலாம், திருப்பித் தந்தால் பணம் கிடைக்கும். சிறு கடைகளுக்கு, அதாவது ஐந்து பேருக்கு மேல் வேலை செய்யாத, 80 சதுர மீட்டருக்கு மிகாத கடைகளுக்கு, விலக்கு உண்டு. ஆனால் வாடிக்கையாளர் சொந்தப் பாத்திரம் கொண்டுவந்தால் அவர்கள் மறுக்கக் கூடாது. பெரியவன் மேல் பெரிய சுமை, சிறியவன் மேல் சிறிய சுமை. நம் அங்காடிக்காரர்களை மனத்தில் வைத்துப் பார்த்தால், இந்த நியாயம் நமக்கும் பொருந்தும்.

தமிழகத்தில் 2019 ஜனவரி முதல் நாள் 14 வகையான ஒருமுறைப் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. சாப்பாடு கட்டும் பிளாஸ்டிக் தாளும் அதில் சேர்த்தி. முதல் சில மாதங்கள் வாழை இலைக்கும் தூக்குச் சட்டிக்கும் மறுவாழ்வு. பாத்திரம் கொண்டு வந்தால் விலையில் தள்ளுபடி என்று உணவகங்கள் அறிவித்தன. கண்காணிப்பு தளர்ந்ததும் பிளாஸ்டிக் மெல்லத் திரும்பியது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' என்று ஓர் இயக்கத்தைத் தொடங்க வேண்டி வந்தது. தடை மட்டும் போதாது, தடை செய்த பொருளின் இடத்தில் வேறொரு வழி நிலைக்க வேண்டும் என்பது அதில் கிடைத்த பாடம்.

நாம் என்ன செய்யலாம்?

இத்தனை வரலாற்றையும் ஒரு வரியில் சொல்லலாம். பொட்டலம் கட்டியதால் குப்பை வரவில்லை, பாத்திரம் திரும்பாததால்தான் வந்தது. ஆகவே எந்தத் திட்டம் வந்தாலும் நாம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே. இந்தப் பாத்திரம் திரும்பி வருமா? வராதென்றால், அது மண்ணோடு மண்ணாகுமா? இரண்டுக்கும் பதில் இல்லை என்றால், பெட்டியின் மேல் பச்சை இலையை அச்சடித்திருந்தாலும் அது குப்பைதான்.

வீட்டில் நம்மால் ஆனது சிறிது. பக்கத்துத் தெருக் கடைக்கு நடந்து போகும்போது ஒரு சட்டியை எடுத்துப் போகலாம். கடைக்காரர் முதல் நாள் வியப்பார், மூன்றாம் நாள் நம் சட்டியின் அளவு அவருக்குத் தெரிந்திருக்கும். செயலியில் வாங்கும்போது கரண்டி வேண்டாம் என்பதை அழுத்தலாம். ஊறுகாய்க்குத் தனிப் பை வேண்டாம் என்று சொல்லலாம்.

கடைக்காரர்களால் ஆனது, பாத்திரத்தோடு வருபவரை வரவேற்பது, முடிந்தால் விலையில் சில காசு குறைப்பது. பெட்டிக்காகச் செலவழிக்கும் பணம் அவர்களுக்கும் மிச்சம்.

மாநில அரசாலும் மாநகர் மன்றத்தாலும் ஆனது பெரிது. அங்காடி நிலையங்களில் பொதுவாகப் பாத்திரம் கழுவும் இடமும் போதிய தண்ணீரும் அமைத்துக் கொடுத்தால், திரும்பும் பாத்திரத்துக்கு ஒரு வீடு கிடைக்கும். பத்துக் கடைகள் ஒரே மாதிரிப் பெட்டியைப் பகிர்ந்துகொண்டு, வைப்புத் தொகை வாங்கினால், ஒரு கடையில் எடுத்ததை இன்னொரு கடையில் கொடுக்கலாம். வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோகும் நிறுவனங்களுக்கு, போகும் வழியும் தெரியும், வரும் வழியும் தெரியும். அடுத்த ஆர்டரின்போது பழைய பாத்திரத்தை எடுத்து வருவது அவர்களால் முடியாத காரியம் அல்ல. கைப்பேசியும் கணினியும் இல்லாத காலத்தில், மூடியில் எழுதிய நாலு எழுத்தை வைத்துக்கொண்டு மும்பையில் செய்து காட்டிவிட்டார்களே!

இன்னும் ஒன்று. நம் சமுதாயத்தில் பெரும் அளவில் உணவு வழங்குவது கடைகள் மட்டுமல்ல. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்கள். அங்கே அன்னதானமும் மோரும் பானகமும் எத்தனை ஆயிரம் பேருக்கு! புண்ணியத்துக்காகக் கொடுக்கும் சோறு, மறுநாள் காலையில் சாலையோரக் குப்பையாகக் கிடக்கக் கூடாது. வாழை இலை, பாக்கு மட்டைத் தட்டு, கழுவி வைக்கும் எவர்சில்வர் குவளை என்று ஒவ்வொரு பந்தலும் முடிவெடுத்தால், இலட்சம் பேர் ஒரே நாளில் கண்ணால் பார்த்துப் படிக்கும் பாடமாக அது இருக்கும்.

புலாவ் பூருங்கில் இன்னும் இடம் இருக்கும்வரை இந்தப் பேச்சு அவசரமாகத் தோன்றாது. ஆனால் அந்த இடத்துக்குப் பக்கத்தில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு என்ன வாங்கலாம் என்று யோசிக்கும்போது, எதில் வாங்கலாம் என்பதையும் சேர்த்து யோசியுங்கள் என்று கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.